சந்திரபாபுவின் மறைவில்லாப் பேச்சு

நடிகன் ஒருவன் தன் வாழ்நாளில் இருவகைப் பேச்சுக்களைப் பேசுகிறான். ஒன்று, பிறர் எழுதிக் கொடுத்ததை மனனஞ் செய்து பேசுவது. மற்றொன்று, அவனுடைய சொந்தப் பேச்சு. முதலாவதைக் கேட்பதற்குச் சபையார் காசு கொடுத்து வருகின்றனர். இரண்டாவதை அவன் பேசத் தொடங்கும்பொழுது, அதுவும் தன் துயரையும் குறையையும் மறைக்காமற் பேசத் தொடங்கும்பொழுது, அவர்கள் திகைத்து நிற்கின்றனர். சிலர் அதுவும் நடிப்பே என்று எண்ணிச் சிரிக்கின்றனர். சிலர் ஆணவம் என்று முகஞ் சுளிக்கின்றனர். வேறு சிலர் குடிகாரன் என்றோ பித்தன் என்றோ பெயரிட்டுவிட்டு அப்பாற் செல்கின்றனர். அவன் என்ன சொல்ல வந்தான் என்பதைப் பொறுமையோடு கேட்பவர் மிகச் சிலரே.

தமிழ்த் திரையுலகில் இந்த இரண்டாவது பேச்சை ஓயாமற் பேசிய நடிகர் ஜே. பி. சந்திரபாபு. நகைச்சுவை நடிகராகவும் பாடகராகவும் ஆடற் கலைஞராகவும் விளங்கிய அவர், 1974ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் தேதி, தமது 46ஆம் வயதிற் சென்னையிற் காலமானார். அவர் பிறந்தது தூத்துக்குடியில், வளர்ந்தது கொழும்பில், புகழ் பெற்றதும் நலிந்ததும் சென்னையில். அவருடைய பாடல்களோ, கொழும்பிலிருந்து எழுந்த ஒலியலைகள் வழியாகக் கடலின் இருகரைகளிலும் பரவின. ஆதலால் அவரைப் பற்றிய நினைவு இலங்கைத் தமிழ் நேயருக்கு அயலார் வீட்டுக் கதையன்று.

மேனாடுகளில் இத்தகைய கலைஞர்கள் மனந்திறந்து பேசுவதற்கென ஓர் இடம் ஏற்பட்டிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவு உணவு முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின்னர், உரையாடல் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகும். நிகழ்ச்சியை நடத்துபவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பார். நடிகரும் பாடகரும் எழுத்தாளரும் ஒருவர்பின் ஒருவராக வந்து பேசுவர். 1957 முதல் 1962 வரை ஜாக் பார் என்பவர் நடத்திய இரவு நிகழ்ச்சி இவற்றுட் புகழ் வாய்ந்தது. அதில் அடிக்கடி தோன்றியவர் ஆஸ்கார் லெவன்ட். அவர் சிறந்த பியானோக் கலைஞர். இசையமைப்பாளர் கேர்ஷ்வினின் நண்பர். 1951ஆம் ஆண்டில் வெளியான ‘பாரிசில் ஓர் அமெரிக்கர்’ என்னும் படத்தில் நடித்தவர். தமது மனநோயையும், மருந்துகளுக்கு அடிமையான நிலையையும், மருத்துவமனை வாசத்தையும் அவர் மறைக்கவில்லை. கைகள் நடுங்க, முகந் துடிக்க, அவற்றையே நகைச்சுவையாக்கிப் பேசினார். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். அந்த நடுக்கம் நடிப்பன்று என்பதை அவர்களுள் எத்தனை பேர் உணர்ந்தனரோ, யார் அறிவர்?

பிரித்தானியாவிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பி.பி.சி. தொலைக்காட்சியில் ஜோன் ஃப்ரீமன் என்பவர், கமராவுக்குத் தம் முதுகு மட்டுமே தெரிய அமர்ந்து, எதிரே இருப்பவரின் முகத்தை மிக அண்மையிற் காட்டி வினாக்களைத் தொடுப்பார். 1960ஆம் ஆண்டில் அந்நாட்டின் தலைசிறந்த நகைச்சுவை நடிகர் டோனி ஹான்கொக் அவர்முன் அமர்ந்தார். தமது நிறைவின்மையையும் மனச் சோர்வையும் பற்றிக் கேட்கப்பட்ட வினாக்களுக்கு ஒளிவு மறைவின்றி விடையளித்தார். எட்டாண்டுகளின் பின்னர், 1968இல், சிட்னி நகரில் அவர் தம் கையாலேயே உயிர் துறந்தார். அவர் முன்பே சொல்லியிருந்த சொற்களை மக்கள் அதன்பின்னரே மீண்டும் நினைத்துப் பார்த்தனர்.

சந்திரபாபுவுக்கு அத்தகைய இரவு மேடை எதுவும் வாய்க்கவில்லை. சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975இல், இலங்கையில் 1979இல். இரண்டுக்கும் முன்னரே அவர் மறைந்துவிட்டார். எனினும் மனந்திறந்து பேசும் இயல்பு மேடைக்காகக் காத்திருப்பதில்லை. நீதிமன்றமும், பத்திரிகையாளர் பேட்டியும், நண்பர் வீட்டுத் திண்ணையும், குடியரசுத் தலைவரின் மாளிகையுங்கூட அவருக்குப் பேச்சு மேடைகளாயின. அந்த இயல்பின் வேரைத் தேடுவோர் கொழும்பு நகருக்கே வந்து சேருவர்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை ஏற்படுமுன், இந்தியாவிலிருந்து வருவோர் தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பில் இறங்குவதே பெருவழக்காக இருந்தது. வணிகரும் தொழிலாளரும் மட்டுமன்றி, தூத்துக்குடியின் கத்தோலிக்கப் பரதவர் குடும்பங்கள் பலவும் அவ்வழியே வந்து கொழும்பின் வடபகுதியிற் குடியேறின. கொட்டாஞ்சேனையில் உயர்ந்து நிற்கும் புனித லூசியாள் பேராலயமும், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயமும் அவர்களுக்குத் தாய்வீடு போன்றவை. அவற்றுக்கு அணித்தாகவே பொன்னம்பலவாணேசர் கோயில் மணியும் ஒலிக்கும்; துறைமுகத்துக் கப்பல்களின் சங்கும் ஒலிக்கும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே வீதியிற் புழங்கும் பகுதி அது.

இந்த நகருக்கு ஜே. பி. ரொட்ரிகஸ் என்பவரின் குடும்பம் வணிகத்துக்காக வரவில்லை. ரொட்ரிகஸ் இந்திய விடுதலைப் போராட்ட வீரர். ‘சுதந்திர வீரன்’ என்னும் பத்திரிகையை நடத்தியவர். ஆங்கில அரசின் சினத்துக்கு ஆளாகி, உடைமை இழந்து, மனைவி மக்களோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருடைய மைந்தன் சிறு குழந்தை. தூத்துக்குடிப் பனிமய மாதாவின் பெயர் விளங்க ஜோசப் பனிமயதாசன் என்று பெயர் பெற்ற அக்குழந்தையே, 1927இற் பிறந்த சந்திரபாபு. பள்ளிப் படிப்பு கொழும்பில் நடந்தது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் உள்ள கிராண்ட்பாஸ் பகுதிப் புனித யோசேப்பு பள்ளியிற் பயின்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

ஏறத்தாழ இளமைப் பருவம் முழுவதையும் கழித்த நகரம் ஒருவனுக்கு எதையேனும் கொடாமற் போவதில்லை. கொழும்பு அவருக்கு இரண்டு செல்வங்களை அளித்தது எனலாம். ஒன்று இசை. மேனாட்டு இசைத்தட்டுக்களும், கப்பல் மாலுமிகளின் பாட்டும், போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற பைலாத் தாளமும் அந்நாளைய கொழும்பின் காற்றிற் கலந்திருந்தன. குரலைத் திடீரென உச்சத்துக்கு உடைத்து ஏற்றிப் பாடும் மேனாட்டு மலைநாட்டு முறையைத் தமிழ்த் திரைப்பாட்டில் நிலைநாட்டியவர் சந்திரபாபு. தமிழ்க் கச்சேரி மேடையில் அதற்கு முன்மாதிரி கிடையாது.

மற்றொன்று, பழகும் முறை. பல மொழியினரும் பல இனத்தினரும் நெருங்கி வாழ்ந்த துறைமுக நகரில் வளர்ந்தவருக்கு, பெரியோர்முன் கைகட்டி வாய்பொத்தி நிற்கும் வழக்கம் படியவில்லை. சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களில் முன்னணி நடிகர்களை மற்றவர்கள் பட்டப் பெயர் சொல்லி அழைக்கையில், அவர் ‘மிஸ்டர்’ என்னும் அடைமொழியோடு இயற்பெயர் சொல்லியே அழைத்தார் என்பர். இஃது அவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றவில்லை. கேட்டவர்களுக்கோ அவ்வாறு தோன்றியது. அவருடைய பிற்கால இன்னல்களுட் சிலவற்றின் வித்து இங்கேயே இருக்கிறது.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நகரத்தவர் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். அடுத்த ஆண்டிற் சந்திரபாபுவின் குடும்பம் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியிற் குடியேறியது. தந்தைக்குத் ‘தினமணி’ பத்திரிகையில் வேலை கிடைத்தது. மைந்தனோ நடிப்புத் தொழிலை நாடினார். 1947இல் வெளிவந்த ‘தன அமராவதி’ என்னும் படத்தில் முதன்முதலாகத் தோன்றினார். பின்னர்ச் சில ஆண்டுகள் வாய்ப்பில்லாமல், பசியும் அவமானமுமே துணையாக, படநிலையங்களின் வாயில்தோறும் அலைந்தார்.

1952இல் அவர் பொறுமை இழந்தார். பெரும் படநிறுவனமாகிய ஜெமினியில் வாய்ப்புக் கிட்டாத ஏமாற்றத்தில், அந்நிலைய வளவினுள்ளேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். உடனிருந்தோர் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதனால் உயிர் பிழைத்தார். அக்காலத்திற் சட்டம் அத்தகைய முயற்சியைக் குற்றமாகவே கருதியது. ஆகவே மருத்துவமனையிலிருந்து நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது.

அங்கு நிகழ்ந்ததாகப் பலரும் எழுதிய செய்தி ஒன்று உண்டு. நீதவான் அவரை நோக்கிக் காரணம் வினவினார். சந்திரபாபு தீக்குச்சி ஒன்றைக் கிழித்துத் தம் கையைச் சுட்டுக்கொண்டார். சுட்டுக்கொண்டதை மற்றவர்கள் காணலாம். அந்தச் சூடு எத்தகையது என்பதைச் சுட்டுக்கொண்டவன் மட்டுமே அறிவான் என்னும் கருத்துப்பட விடையளித்தார். நீதவான் தண்டியாமல் விடுத்தார். ஷேக்ஸ்பியரின் நாடகத்திலிருந்து ஒரு பகுதியையும் அவர் அங்கு நடித்துக் காட்டினார் என்பர்.

இச்செய்தியைச் சுவையான துணுக்காகவே பலர் எடுத்துரைக்கின்றனர். சற்று நின்று நோக்கினால், இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் தன் உள்ளத்தைப் பொதுமக்கள்முன் முதன்முறையாகத் திறந்து காட்டிய இடம் அந்த நீதிமன்றமே என்பது புலப்படும். தன் வேதனையைச் சொல்ல அவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. நெருப்பைத் துணைக்கு அழைத்தான். அதைப் பார்த்தவர்களோ, எவ்வளவு திறமையான நடிகன் என்று வியந்தனர். விரைவில் அதே நிறுவனத்தின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் வாய்ப்புங் கிடைத்தது. வேதனையைக் காட்டினால் வேடம் கிடைக்கும் என்பது அவர் கற்ற முதற் பாடமாக அமைந்துவிட்டது. அது கொடிய பாடம். வேடம் கிடைத்ததனால் வேதனை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணிவிட்டனர்.

இங்கே சட்டத்தின் போக்கையுங் குறிப்பிடுதல் பொருத்தமாகும். உயிர் துறக்க முயன்றவரைக் குற்றவாளியாக நிறுத்தும் வழக்கத்தை இலங்கை 1998ஆம் ஆண்டில் நீக்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தகையோரைக் கடும் மன நெருக்கடிக்கு ஆளானவராகவே கொள்ள வேண்டும் என்றும், அவர்க்குச் சிகிச்சையும் பராமரிப்பும் அளிப்பது அரசின் கடமை என்றும் விதித்தது. சந்திரபாபு தீக்குச்சியைக் கிழித்த நாளிலிருந்து சட்டம் இந்த நிலைக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

பின்னர் அவருடைய புகழ் ஏறியது. 1954இல் ‘பெண்’ என்னும் படத்தில் நடிகர் எஸ். பாலச்சந்தருக்காகப் பின்னணி பாடினார். ‘புதையல்’, ‘நாடோடி மன்னன்’, இரட்டை வேடம் பூண்ட ‘சபாஷ் மீனா’, ‘மரகதம்’, ‘சகோதரி’ என்று படங்கள் தொடர்ந்து வந்தன. சென்னைத் தெருப்பேச்சை அவர் பேசிய விதத்தைக் கேட்டோர், கொழும்பில் வளர்ந்து ஆங்கிலத்தில் எண்ணிப் பழகிய ஒருவரே இவ்வாறு பேசுகிறார் என்பதை நம்பமாட்டார்கள்.

அவருடைய பாட்டு வீடுகளுக்குட் புகுந்ததில் இலங்கை வானொலிக்குப் பெரும் பங்குண்டு. 1925ஆம் ஆண்டு டிசம்பரிற் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஏற்பட்டது. இரண்டாண்டுகளின் பின்னர் இந்தியாவில் ஒலிபரப்புத் துறை அமைச்சரான கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கும் என்று கருதி அவற்றை அகில இந்திய வானொலியிற் பெரிதும் குறைத்தார். பாட்டைத் தேடிய தமிழ்நாட்டு மக்கள் தங்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பினர். எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் பெயர் தமிழகத்தின் சிற்றூர்களிலும் வீட்டுப் பெயராயிற்று. நாடுகடந்த குடும்பத்துப் பிள்ளையாகக் கொழும்பிலே திரிந்தவரின் குரல், அதே கொழும்பிலிருந்து புறப்பட்டு அவர் பிறந்த தூத்துக்குடியிற் கேட்டது. விதியின் விளையாட்டுக்களுள் இஃதும் ஒன்று.

வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடற்கரைப் புகையிரதப் பாதைக்கும் நடுவே உள்ள ஒழுங்கைகளில், மாலை நேரங்களில் வீட்டுக்கு வீடு அந்தக் குரல் ஒலித்தது. கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடைகளில், வேலை முடித்து வந்த துறைமுகத் தொழிலாளர் அதற்குத் தாளம் போட்டனர். செல்லமஹால் முதலிய படமாளிகைகளில் அவர் திரையில் தோன்றியதும் சீழ்க்கையொலி கூரையைப் பிளந்தது. அவர் பாடியவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். தன்னைத் தானே அறிவிலி என்று அழைத்துக்கொள்பவனின் பாட்டு. உலகத்தின் போக்கு விளங்கவில்லை என்று கைவிரிப்பவனின் பாட்டு. பிறப்பிலும் இறப்பிலும் அழுகையே நிறைந்திருக்க, இடையிலேனும் சிரிக்கலாகாதா என்று கேட்பவனின் பாட்டு. எழுதியவர்கள் வேறு கவிஞர்கள். ஆனால், அவற்றை அவர் பாடுகையில், தமது வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுபவர் போன்றே தொனித்தது. மேனாட்டு நடிகர் நள்ளிரவுத் தொலைக்காட்சியிற் சொல்லியதை இவர் மூன்று நிமிட இசைத்தட்டிற் சொல்லினார்.

பேச்சிலும் அவர் அவ்வாறே இருந்தார். 1960இல் வெளிவந்த ‘கவலை இல்லாத மனிதன்’ படத்தின் பாடல் ஒன்றை, குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் டெல்லியிற் பாட நேர்ந்தது. தலைவர் மனமுருகிப் பாராட்டினார். மகிழ்ச்சி தாங்கமாட்டாத சந்திரபாபு பாய்ந்து சென்று அவர் மடியில் அமர்ந்துகொண்டார் என்றும், முதுபெருந் தத்துவ அறிஞரும் குழந்தையைக் கண்டவர்போற் சிரித்தார் என்றும் உடன் சென்றவர்கள் வழிவந்த செய்தி கூறுகிறது. அந்த மடி பொறுத்துக்கொண்டது. எல்லா மடிகளும் அவ்வாறு பொறுப்பதில்லை.

1958இல் அவருக்குத் திருமணமாயிற்று. மணமான சிறிது காலத்திலேயே, மனைவி தம் உள்ளம் முன்னரே வேறொருவரை நாடியிருந்ததை வெளிப்படுத்தினார். கணவர் அவரை வெறுக்கவில்லை. அவர் விருப்பப்படியே செல்லுமாறு விடுத்தார். இச்செய்தி வெளிவந்தால் ஆண்மைக்கு இழுக்கு என்று அந்நாளில் எவரும் மறைத்திருப்பர். சந்திரபாபு அதனை மறைக்கவில்லை. அதேபோல, தமது குடிப்பழக்கத்தையும் அவர் ஒளிக்கவில்லை.

தம்மைப் பற்றி மறைக்காதவர் பிறரைப் பற்றியும் மறைக்கவில்லை. உடன் நடித்த முன்னணி நடிகர்களின் நடிப்பைக் குறித்தும் குணத்தைக் குறித்தும் பத்திரிகையாளர் கேட்டபொழுது, புகழ் மொழிகளை உதிர்க்காமல், தமக்குத் தோன்றியதைத் தோன்றியவாறே சொல்லினார். அப்பேட்டிகள் அச்சேறின. கேட்டவர் சிரித்தனர், சொல்லப்பட்டவர் சிரிக்கவில்லை. படத்துறையில் அவருக்குப் பகை வளர்ந்தது.

இவ்விடத்தில் நடுநிலை பிறழாமற் பேசுதல் வேண்டும். தன் புண்ணைத் தான் திறந்து காட்டுவது வேறு; பிறர் புண்ணிற் கோல் கொண்டு குத்துவது வேறு. முதலாவது துணிவு. இரண்டாவது சிலவேளை உண்மையாக இருப்பினும் அன்பாக இருப்பதில்லை. சந்திரபாபு இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிக்கத் தவறினார். படப்பிடிப்புக்கு உரிய நேரத்தில் வாராமையும் அவர்மேற் சொல்லப்பட்ட குறை. ‘கவலை இல்லாத மனிதன்’ படத்தைத் தயாரித்த கவிஞர் கண்ணதாசன், அதனால் தமக்கு நேர்ந்த இடர்களைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். குறைகளை மறைத்து ஒருவரைத் தெய்வமாக்குவது, மறைத்துப் பேசாத அந்தக் கலைஞருக்கே ஒவ்வாத செயலாகும்.

எம். ஜி. இராமச்சந்திரனைக் கதாநாயகராகக் கொண்டு ‘மாடி வீட்டு ஏழை’ என்னும் படத்தைத் தாமே இயக்கத் தொடங்கினார். படம் இடையில் நின்றது. போட்ட பொருள் போயிற்று, கடன் சூழ்ந்தது. ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்று 1966இல் ஒரு படத்தை எழுதி, இயக்கி, நடித்து வெளியிட்டார். விவிலியத்திலிருந்து எடுத்த அந்தத் தலைப்பு அவருடைய வாழ்வுக்கே ஒரு வேண்டுகோள் போல இருந்தது. அப்படம் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. வாய்ப்புக்கள் குறைந்தன. 1969இல் வெளியான ‘அடிமைப் பெண்’ முதலிய படங்களில் வேடம் கிடைத்ததாயினும், பழைய நாள்கள் திரும்பவில்லை. குடி உடலைக் கெடுத்தது. இறந்த பின் தம் உடலைச் சிறிது நேரமேனும் இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன் வீட்டில் வைக்க வேண்டும் என்பது அவரது கடைசி விருப்பமாக இருந்தது என்பர். அவ்விருப்பம், பெரிய மாளிகையை விரும்பியிருந்த அம்மனிதர் இறுதியில் நண்பன் வீட்டுக் கூடத்தையே பெரிதாக எண்ணியதைக் காட்டுகிறது.

இத்தனை ஆண்டுகள் அவர் பேசிய பேச்சுக்கும் பாடிய பாட்டுக்கும் செவிகொடுத்தவர் பல்லாயிரவர். அவர்களுள் அவருடைய துயரைக் கேட்டவர் எத்தனை பேர்? இந்த வினாவே அவருடைய வரலாற்றின் உயிர்நிலை. இரசிகர்களைக் குற்றஞ் சாட்டுவதிற் பயனில்லை. திரையில் ஒருவன் விழுந்தெழுந்தால் சிரிக்க வேண்டும் என்பது அவர்கள் பயின்ற வழக்கம். திரைக்கு வெளியே அவன் உண்மையாகவே விழும்பொழுதும் அவ்வழக்கம் அவர்களை விடுவதில்லை. நகைச்சுவைக் கலைஞனுக்கு ஏனையோரைக் காட்டிலும் இவ்வகையில் இடர் மிகுதி. சோக நடிகன் கண்ணீர் விட்டால் உலகம் உடன் அழும். விதூடகன் கண்ணீர் விட்டால், அடுத்த வேடிக்கை எப்பொழுது வரும் என்று உலகம் காத்திருக்கும்.

அவர் மறைந்த அதே 1974ஆம் ஆண்டில், அவர் வளர்ந்த கொழும்பு நகரில் ‘சுமித்திரயோ’ என்னும் தொண்டு நிறுவனம் தோன்றியது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. காலம் மட்டுமே ஒன்றுபட்டது. ஆயினும் அதன் பணியை நோக்குவார்க்குச் சந்திரபாபுவின் நினைவு வாராமற் போகாது. வாழ்வில் வெறுப்புற்று வருபவரின் பேச்சைத் தொண்டர்கள் இருந்து கேட்கிறார்கள். பெயர் வினவி வற்புறுத்துவதில்லை, பழி கூறுவதில்லை, சொன்னதைப் பிறரிடம் சொல்வதுமில்லை. கேட்டலே அங்கு முதற் பணி. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் வரை தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அஃது ஒன்று. பின்னர்க் கொடிய பூச்சிநாசினிகள் தடை செய்யப்பட்டமையால் அந்த அளவு பெரிதும் இறங்கியது. செவிகொடுத்தல் மட்டும் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்வதற்கில்லை. சட்டமும் மருத்துவமும் அரசின் நடவடிக்கையும் வேண்டும். ஆனால் துயருற்றவன் முதலில் தட்டுவது அருகிலிருக்கும் மனிதரின் கதவையே.

காலம் ஒருவாறு மாறியிருக்கிறது என்பதற்குஞ் சான்றுகள் உண்டு. 2015ஆம் ஆண்டில் இந்தி நடிகை தீபிகா படுகோன், புகழின் உச்சியில் இருக்கும்பொழுதே தமக்கு மனச் சோர்வு நோய் ஏற்பட்டதையும், மருத்துவரின் உதவியால் தேறியதையும் தொலைக்காட்சிப் பேட்டியில் வெளிப்படையாகக் கூறினார். கண்ணீரோடு அவர் பேசியதைப் பலர் மதித்துக் கேட்டனர். அவ்வாண்டிலேயே மனநலத்துக்கென ஓர் அறநிலையத்தையும் அவர் நிறுவினார். அரை நூற்றாண்டுக்கு முன்னர் சந்திரபாபுவுக்குக் கிடைக்காத செவி அது. ஆயினும் இந்நாளிலும், நடிகர் ஒருவர் மதுவின் மயக்கத்தில் உளறிய இரண்டு நிமிடப் படத்தைக் கைத்தொலைபேசிகளில் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரிக்கும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. மேடை மாறியிருக்கிறது, சிரிப்பு அப்படியே இருக்கிறது.

புகழ் பெற்றவர்களைப் பற்றி மட்டும் இதனை எண்ணுதல் போதாது. ஒவ்வொரு குடும்பத்திலும், ஒவ்வொரு அலுவலகத்திலும், வேடிக்கை பேசி எல்லோரையும் சிரிக்க வைக்கும் ஒருவர் இருப்பார். கலியாண வீட்டில் அவர் வந்தாற்றான் களை கட்டும். தம் கடனையும் நோயையும் தனிமையையும் அவர் பகிடியாகவே சொல்லுவார். அவ்வாறு சொல்லுவதே அவருக்குத் தெரிந்த வழி. கூட்டம் கலைந்த பின்னர், அந்தப் பகிடியிற் பாதி உண்மைதானா என்று தனிமையில் அவரைக் கேட்க ஒருவர் வேண்டும். அவ்வாறு கேட்பதற்குப் பெரிய படிப்பொன்றும் தேவையில்லை. சிறிது நேரமும், இடையிற் குறுக்கிடாத பொறுமையும் போதும்.

சந்திரபாபுவின் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. இரவு நேரப் பழைய பாடல் வரிசையில் அக்குரல் வரும்பொழுது, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ விளக்கணைத்துப் படுத்திருக்கும் நேயர் ஒருவர் தம்மையறியாது புன்னகை செய்வார். அந்தப் புன்னகையைக் கலைஞர் உழைத்துச் சம்பாதித்தார். அது அவருக்கு உரியது. அதனோடு, பாட்டின் நடுவே குரல் சட்டென்று உடைந்து உச்சத்துக்கு ஏறும் அந்த இடத்தையும் நேயர்கள் சற்றுக் கவனித்துக் கேட்பார்களாக.